பாட்டிமையன்று வற்றிய கடல்

"அக்கா, இங்க கடலுக்குள்ள யாரோ ரோடு போட்டு வெச்சிருக்கானுங்க" என்று என் தம்பி போனில் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரோவாம், ரோடாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பனியாற்றுப் பாடம் நடத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறவளின் கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது?

"கேமராவைத் திருப்புடா" என்றேன்.

திருப்பினான். சாம்பல் நிறத்தில் கடல். கரையிலிருந்து கற்கள் ஒரு கோடாகக் கிளம்பி நேராக அந்தக் கடலுக்குள் போயின. தலையளவு கல், பானையளவு கல், ஆட்டுக்குட்டி அளவுக் கல் எல்லாம் கலந்து கிடந்தன. கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் அவற்றை மூடிக்கொண்டது. மூடிய இடத்துக்கு மேலே மட்டும் அலை வேறு மாதிரி உடைந்துகொண்டிருந்தது. அதனால் கீழேயும் கற்கள் போகின்றன என்று தெரிந்தது.

இத்தனை காலமும் கரும்பலகையில் சாக்பீஸால் கிறுக்கிக் காட்டிய மொரைன், பனியாறு இழுத்து வந்து போட்ட கற்குவியல் அது. என் தம்பி அதன்மேல் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டு, ரோடு என்கிறான்.

தம்பி வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருக்கிறான். எங்களுக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம். நானும் அம்மாவும் என் பள்ளிக்கூடத்தை உத்தேசித்துக் கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்கு ஓசூரில் வேலை, ஞாயிறுதான் வருவார். ஆகையால் தம்பியின் போன்தான் எங்களுக்கு டி.வி., பேப்பர் எல்லாமே. ஷிப்ட் முடிந்ததும் கடற்கரையில் நடந்துகொண்டே கூப்பிடுவான். அம்மா அவன் முகம் இளைத்திருக்கிறதா என்று பார்ப்பாள். நான் அவன் முகத்துக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்ப்பேன்.

அந்தக் கல்வரிசை ஒன்று மட்டும் இல்லை. அந்தக் கரை நெடுகிலும் அங்கங்கே இப்படிக் கடலுக்குள் மைல் கணக்கில் போகின்றனவாம். அந்த ஊர் பாஷையில் அதற்கு 'சார்ன்' என்று பெயர், கல் பாதை என்று அர்த்தம். ஆக, ரோடு என்று நினைத்தவன் என் தம்பி ஒருவன் இல்லை, அந்த ஊரே அப்படித்தான் நினைத்திருக்கிறது. முன்னொரு காலத்தில் அங்கே வளமான நாடு இருந்ததாம். மதகு காக்கிறவன் குடித்துவிட்டுத் தூங்கிப்போனதால் கடல் உள்ளே வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டதாம். இதைக் கேட்டதும் அம்மா, "அங்கயும் இதே கததானா?" என்று சொல்லி உச்சுக்கொட்டினாள்.

நடந்தது வேறு. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் அந்த மலைப் பள்ளத்தாக்குகளில் இருந்து பனியாறுகள் இறங்கி வந்தன. மலையைச் சுரண்டி, கல்லையும் மண்ணையும் இழுத்துக்கொண்டு வந்தன. இரண்டு பனியாறுகள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது நடுவில் கற்கள் ஒதுங்கிக் குவிந்தன. பிறகு பனி உருகிவிட்டது, கடல் ஏறிவிட்டது, குவியல் மட்டும் அங்கேயே கிடக்கிறது. தம்பிக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரே ஒரு உதாரணம்தான் கிடைத்தது. திருவிழா ராத்திரியில் இரண்டு சப்பரம் ஒரே தெருவில் உரசிக்கொண்டு போய்விட்டால், விடிந்து பார்க்கும்போது தெரு நடுவே ஊரார் செருப்பெல்லாம் வரிசையாகக் கிடக்குமே, அந்த மாதிரி.

"அப்ப இது செருப்பா?" என்றான்.

"உன்னை அதாலயே அடிக்கணும்" என்றேன்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கள்ளக்குறிச்சியில் பனியாறு நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டியில் இருப்பது, சர்பத்தில் போடுவது. கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பெண் ஒருத்தி, "மிஸ், ஐஸு கல்ல இழுத்துக்கினு வர்ற வரைக்கும் உருகாம இருக்குமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மலையில் பிறந்தவளுக்கு மலை எவ்வளவு கனம் என்று தெரியும். நானும் பாறையைச் சுமக்கிற பனியை ஒருநாளும் கண்ணால் பார்த்தவள் இல்லையே. புத்தகம் சொன்னதை நான் சொன்னேன். அதனால்தான் போனில் அந்தக் கற்களைப் பார்த்ததும் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டேன். தினமும் தம்பியிடம், "உடம்பு எப்படிடா இருக்கு?" என்று கேட்பதற்கு முன்பே "தண்ணி எவ்ளோடா இறங்கியிருக்கு?" என்று கேட்டேன். அம்மா என்னைத் திட்டினாள்.

இந்தச் சமயத்தில்தான் அவனுக்குப் பெண் அமைந்து வந்தது.

பெண்ணுக்கு மணலூர்பேட்டை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறாள், தினம் பஸ்ஸில் வந்து போகிறாள். எங்களைப் போலவே வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர்கள். தாய் இல்லை. அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசை முடிந்து அரை மணி நேரம் இருவரும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று பெரியவர் அனுமதி கொடுத்திருந்தார். அந்த அரை மணி நேரத்துக்காகத் தம்பி வாரம் முழுக்கக் காத்திருந்தான். முடி வெட்டிக்கொண்டான். சட்டையை இஸ்திரி போட்டான். பேசி முடித்ததும் எனக்குப் போன் செய்து, அவள் எதற்கெல்லாம் சிரித்தாள் என்று ஒப்பித்தான். நான் இப்படி அவனைப் பார்த்ததே இல்லை. ஆசை வந்த முகத்தை எத்தனை தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறது.

அவள் அவனிடம், "அந்த ஊர்ல உங்களுக்குப் புடிச்சது இன்னா?" என்று கேட்டிருக்கிறாள். இவன் சம்பளம், பார்க், ரயில் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். "கடலுக்குள்ள ஒரு கல்லு வரிசை இருக்குதுங்க. தண்ணி நல்லா வத்துனா அதுமேல ரொம்ப தூரம் கடலுக்குள்ளயே நடந்து போலாம்" என்று சொல்லியிருக்கிறான். "மெய்யாவா? பொண்ணு பாக்கற அன்னிக்குப் போன்ல அதக் காட்டுங்க" என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு அது விளையாட்டு. அவள் அப்பாவுக்கு அப்படி இல்லை. வெளிநாட்டுப் பையன் என்றாலே அவருக்குச் சந்தேகம். அவர் சொந்தத்தில் ஒரு பெண்ணை, ஆஸ்பத்திரியில் மேனேஜர் என்று சொன்னவனுக்குக் கட்டிக்கொடுத்து, அங்கே போய்ப் பார்த்தால் அவன் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். பெட்டி அடுக்குவதில் ஒரு கேவலமும் இல்லை, பொய் சொன்னதுதான் கேவலம் என்று அவரே எங்களிடம் சொன்னார். அத்தோடு, அடுத்த ஞாயிறு திருக்கோவிலூரிலிருந்து இன்னொரு வீட்டார் பெண் பார்க்க வருவதாகவும் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை.

தம்பி கடல் வற்றுகிற நேரங்களைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்க ஒரு நாளைக் குறித்துச் சொன்னான். ஈஸ்டர் முடிந்து வருகிற அமாவாசைக்கு மறுநாள். அன்றைக்குத்தான் தண்ணீர் நன்றாக இறங்கும், அவனுக்கும் அந்த வாரம் லீவு. அங்கே மத்தியானம் இறங்கினால் நமக்குச் சாயங்காலம், எல்லாம் பொருந்தி வந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு காலண்டர் உண்டு. ஹாலில் பங்குக்கோயில் காலண்டர், புனிதர்களின் திருநாள் போட்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தினம் கிழிக்கிற காலண்டர், ராகுகாலம், எமகண்டம், திதி எல்லாம் போட்டது. சாமியார் வீடு மந்திரிக்க வரும்போது அம்மா அந்தக் கதவை நன்றாகத் திறந்து சுவரோடு ஒட்டிவைத்துவிடுவாள். அன்றைக்கு அம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டு வந்து, "ஆகாது" என்றாள். அமாவாசைக்கு மறுநாள் பாட்டிமை. பாட்டிமையில் தொட்டது எதுவும் ஒட்டாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள பயம்.

"நாமதான் வேதக்காரங்களாச்சேம்மா" என்றேன்.

"நமக்கு ஒண்ணும் இல்ல. அவங்க பாப்பாங்க இல்ல?"

அவர்களைக் கேட்டோம். பெண்ணின் அப்பா, "நாங்க நாள் கெழமலாம் பாக்கறதில்லைங்க. ஆனா ஊர்ல நாலு பேரு வாய மூட முடியாது பாருங்க. அமாவாசையே வெச்சிக்கலாமே, நெறஞ்ச நாளு" என்றார். அவர் வீட்டிலும் ஒரு கதவு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

தம்பி போனில் கெஞ்சினான். "அக்கா, நெலா இழுக்கறது அமாவாச அன்னிக்குத்தான். தண்ணி அசஞ்சு குடுக்கறது ஒரு நாள் கழிச்சுதான். அமாவாச அன்னிக்குக் கல்லு அவ்ளோ தெரியாது."

அம்மா என்னைப் பார்த்து, "உன் புஸ்தகத்துல இன்னா போட்டிருக்குது?" என்று கேட்டாள்.

"அமாவாசை, பௌர்ணமியிலதான் ஓதம் அதிகம்னு."

"அப்பறம் இன்னா! கெவுருமென்ட்டு புஸ்தகத்த வுட இவனுக்கு ஜாஸ்தி தெரியுமா?"

அமாவாசையன்று சாயங்காலம் நானும் அம்மாவும் பூ, பழம், ஸ்வீட் பாக்ஸ் சகிதம் வாடகைக் காரில் தியாகதுருகம் வழியாக மணலூர்பேட்டை போய் இறங்கினோம். வழியெல்லாம் கரும்பு வெட்டி முடித்த வயல். வெயில் தாழ்ந்தும் சூடு தாழவில்லை. அவர்கள் வீட்டில் ஒரு பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. பெண் மாம்பழக் கலர் புடவையில் காபித் தட்டோடு வந்தாள். போட்டோவில் இருந்ததைவிட அவள் கண்ணில் குறும்பு அதிகமாக இருந்தது. எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. என் போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து, தம்பியைக் கூப்பிட்டோம்.

அன்றைக்குப் பார்த்து அங்கே காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. தம்பியின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் தோத்திரம் சொன்னான். பிறகு, "தோ பாருங்க" என்று போனைத் திருப்பினான்.

தண்ணீர்தான் தெரிந்தது. கரையோரம் பத்திருபது கல், அதற்கப்புறம் தண்ணீர்.

"கல்லு எங்க தம்பி?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"கீழ இருக்குதுங்க. இன்னிக்கு இன்னும் வத்தல. தோ, இங்கதான்" என்று சொல்லிக்கொண்டே பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. "காலுக்குக் கீழ கல்லுதாங்க, எனக்குத் தெரியுது" என்றான்.

"உங்களுக்குத் தெரியுது தம்பி. எங்களுக்குத் தெரியணுமே" என்றார் அவர். முப்பது வருஷம் 'சில்லறை வீட்டுல இருக்குது' என்று சொன்ன பயணிகளைப் பார்த்த குரல் அது. பின்னால் யாரோ ஒரு அம்மாள், "கல்லே இல்லன்னா ஆஸ்பத்திரியாவது இருக்குதா?" என்று மெதுவாகக் கேட்டது எங்கள் காதில் நன்றாக விழுந்தது.

தம்பி பதறிவிட்டான். இன்னும் இரண்டு எட்டு வேகமாகப் போனான். ஒரு அலை வந்தது. திரையில் வானம் தெரிந்தது, பிறகு பாசி தெரிந்தது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை.

அப்புறம் பெரியவர் எழுந்து கும்பிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்பறோங்க" என்றார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் கிடையாது. திரும்பி வரும்போது காரில் அம்மா வேல்ஸ் கடலை ஒரு பாடு திட்டினாள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நடுநடுவே திட்டினாள்.

தம்பி நல்லபடியாகக் கரையேறி, துணி மாற்றி, போனைத் துடைத்துக் கூப்பிட்டபோது அவன் குரலே சரியில்லை. "வுடுக்கா" என்றான். "அவ சிரிச்சிக்கினு இருந்தா, நான் தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி. அப்பறம் அவ மூஞ்சியப் பாக்க முடியல." எனக்கு அழுகை வந்தது. வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்ட ஒருவனைப் பொய்யன் என்று நினைத்தால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

மறுநாள் பாட்டிமை. மத்தியானம் எனக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அந்தப் பெண்தான்.

"அக்கா, இன்னிக்குத் தண்ணி இன்னும் கம்மியாவும்னு அவரு அன்னிக்கே சொல்லிக்கினு இருந்தாரு இல்ல? நான் பாக்கணும். எங்க வூட்ல இன்னிக்கு இந்தப் பேச்சையே எடுக்க மாட்டாங்க. கட முடிஞ்சு நேரா உங்க வூட்டுக்கு வர்றேன். வரலாமா?"

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒன்றும் முடிவாகாத நிலையில் பெண் பையன் வீட்டு வாசலை மிதிப்பது எங்கள் பக்கம் கேள்விப்படாத சங்கதி. அதுவும் பாட்டிமையில். "வாம்மா" என்றேன். வேறென்ன சொல்வேன்?

"ஒண்ணு மட்டும். அப்பாகிட்ட சொல்லாம வர மாட்டேன். அவரும் கூட வருவாரு. கோவமாத்தான் வருவாரு."

ஆறரை மணிக்கு ஷேர் ஆட்டோவில் இருவரும் வந்து இறங்கினார்கள். அவள் தோளில் கைப்பையோடு வேலையிலிருந்து வந்த சுடிதாரிலேயே உள்ளே வந்து அம்மாவைக் கும்பிட்டாள். அவர் வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டார். தண்ணீர் வேண்டாம் என்றார். நாற்காலி வேண்டாம் என்றார்.

"இது பொண்ணு பாக்கறது இல்லைங்க. அத மொதல்ல சொல்லிடறேன்" என்றார்.

நான் அம்மாவைத்தான் பயந்து பயந்து பார்த்தேன். கதவுக்குப் பின்னால் போய்விட்டு வந்து ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆமாங்க, பொண்ணத்தான் நேத்தே பாத்துட்டோமே. இன்னிக்குப் பொண்ணு பையனப் பாக்க வந்திருக்குது. அதுக்குப் பாட்டிமன்னு எந்தக் காலண்டர்லயும் போடல" என்றாள். என் அம்மாவை நான் இத்தனை வருஷமாகச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றியது.

இந்த முறை நான் போனை டி.வி.யோடு இணைத்தேன். தம்பி வந்தான். காற்று அடங்கிவிட்டிருந்தது. அந்தப் பெண் இருப்பது அவனுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. "இன்னாக்கா, எதுக்கு என்ன வரச்சொன்ன? யாருக்குக் காட்டறது இனிமேட்டு?" என்று அலுத்துக்கொண்டான்.

"எனக்குக் காட்டுங்க" என்றாள் அவள்.

திரையில் அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலையைக் கோதினான், பிறகு கேமராவைத் திருப்பினான்.

கடல் போய்விட்டிருந்தது. நேற்று முழங்கால் தண்ணீராக இருந்த இடமெல்லாம் கல். கரையில் ஆரம்பித்து, பழுப்புப் பாசி படர்ந்து, லேசாக வளைந்து, போய்க்கொண்டே இருந்தது அந்த வரிசை. இரண்டு பக்கமும் கடல் வெயிலில் மின்னிக்கொண்டு அமைதியாக நின்றது, நடுவே இது மட்டும் ஈரமாக, கருப்பாக, எங்கேயோ தூரத்தில் ஒரு புள்ளி வரைக்கும்.

"அடேங்கப்பா!" என்று அந்தப் பெண் கைதட்டினாள். சின்னப் பிள்ளை மாதிரி தட்டினாள். "நடங்க, நடங்க!"

நடந்தான். வழுக்கும் இடத்தில் உட்கார்ந்து கையூன்றிப் போனான். அவள் ஒரு கேள்வி கேட்டால் நான் ஒரு கேள்வி கேட்டேன். கல்லில் ஒட்டியிருந்த சிப்பியைக் காட்டச் சொன்னாள். நண்டு இருக்கிறதா என்று கேட்டாள். நான், "அந்தக் கல்லைக் கிட்டக்கக் காட்டுடா, அதுக்குப் பக்கத்துல இருக்கறதையும்" என்றேன். ஒன்று சாம்பல் நிறம். ஒன்றில் வெள்ளை வரி ஓடியது. இன்னொன்று பச்சை கலந்த கருப்பு. ஒரே இடத்தில் கிடந்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத கற்கள். வெவ்வேறு மலையிலிருந்து பெயர்த்து எடுத்து ஒரே இடத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறது பனி. மனுஷன் போட்ட ரோடாக இருந்தால் பக்கத்து மலையில் உடைத்த ஒரே மாதிரிக் கல்லாக இருக்கும். நான் இதை உரக்கச் சொன்னேன். என் சத்தம் எனக்கே அதிகமாகப் பட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். சந்தோஷத்தில் எனக்கு எப்போதும் மூக்கில்தான் முதலில் தண்ணீர் வரும்.

"அப்ப யாரும் கட்டல, அதுவா வந்து சேந்தது" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா."

"அதான் நல்லா இருக்குது" என்றாள்.

இந்தக் கூத்தில் பெரியவரை நாங்கள் மறந்தே போனோம். திரும்பிப் பார்த்தபோது அவர் வாசலில் இல்லை. செருப்பு வாசலில் இருந்தது, அவர் டி.வி.க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது உள்ளே வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கற்களைப் பார்த்தார், தம்பியின் கால்களைப் பார்த்தார்.

"தண்ணி எப்ப திரும்பும்?" என்று கேட்டார். அவர் அவனிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்குதுங்க. அதுக்குள்ள திரும்பிடுவேன்" என்றான் தம்பி. குரலில் அப்படி ஒரு உற்சாகம். "முனை வரைக்கும் காட்டிட்டு வந்துடறேன்."

"இன்னும் கொஞ்சம் போங்க" என்றாள் இவள்.

போனான். கரை அவனுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே போயிற்று. அவன் போனை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். எங்கும் கடல், நடுவில் இவன் மட்டும் கல்மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "நேத்து இதத்தாங்க காட்டணும்னு நெனச்சேன்" என்றான்.

அப்போது அவன் பின்னால், அவன் நடந்து வந்த வழியில், தாழ்வாக இருந்த இரண்டு கற்களுக்கு நடுவே தண்ணீர் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நானும் பார்த்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"போதும், திரும்பச் சொல்லுங்க" என்றார் என்னிடம். "சுனாமி அன்னிக்கு நான் கடலூர் ட்ரிப்புல இருந்தேம்மா. கடல் உள்ள போயிருக்குதுன்னு வேடிக்க பாக்கப் போனவங்கள என் பஸ்ஸுலதான் எறக்கி வுட்டேன். திரும்பச் சொல்லும்மா."

இது அந்தக் கடல் இல்லை, தினமும் போய் வருகிற கடல், நேரம் பார்த்துத்தான் போயிருக்கிறான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் காத்திருக்கவில்லை. டி.வி. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழு பஸ்ஸுக்கும் கேட்கிற குரலில் கத்தினார்.

"மாப்ள! போதும் மாப்ள! திரும்புங்க!"

அம்மாவின் கை ஜெபமாலையில் நின்றுவிட்டது. அந்தப் பெண் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள் என்று தெரிந்தது. திரையில் தம்பி அப்படியே நின்றான்.

"காத்துல கேக்கலைங்க. இன்னா சொன்னீங்க?" என்றான்.

கேட்டிருக்கும். அவன் காது எப்படிப்பட்ட காது என்று எனக்குத் தெரியாதா? காற்றும் அங்கே இல்லை. பெரியவர் எங்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு, இந்தத் தடவை கத்தாமல், நிதானமாகச் சொன்னார்.

"மாப்ள, வூட்டுக்கு வந்து சேருங்கன்னேன்."

அவன் திரும்பினான். வழுக்குகிற கல், பாசி, சிப்பி எதையும் பார்க்காமல் ஓடினான். டி.வி.யில் எங்களுக்கு வானமும் கல்லும் மாறி மாறித் தெரிந்தன, அவன் மூச்சு வாங்குவதும் சிரிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தன.